அர்ச். பியாக்கரின் தோட்டம்



ஒரே முற்றத்தில் பல குடும்பங்களாய் வாழும் நீங்கள் அங்கே காய்கறி பயிரிட எண்ணினால், தோட்டக்காரரின் பாதுகாவலரான அர்ச். பியாக்கரை நினையுங்கள்.

அயர்லாந்தில் பிறந்த இச்சந்நியாசியார் 7-ஆம் நூற்றாண்டில் பிரான்சு தேசம் சேர்ந்தார். மோ நகர் மேற்றிராணியார் அர்ச். பாரோ அவருக்குக் காட்டில் நிலமளித்தார். அவர் கோலால் கீறியதும் மண் தானே பிளந்ததென்பது பரம்பரைக் கதை. அங்கே தேவமாதாவுக்கு ஒரு ஜெபக்கூடமும், வழிப்போக்கருக்குச் சத்திரமும் கட்டினார். பசித்தோருக்குக் காய்கறியும் நோயாளருக்கு மூலிகையும் தம் கையாலேயே பயிரிட்டார். ஏறக்குறைய 670-ல் மரித்தார். திருநாள் ஆகஸ்டு 30.

யாருக்காக என்பதே அவருக்கு முதற் கேள்வி. எதை நடுவது என்பது பிறகு. மூலக்குளத்து முற்றத்துக்கும் இதுவே முறை. வெயில் விழும் நடுவில் கத்தரி, வெண்டை. கழுவுநீர் ஓடும் பக்கம் வாழை. எல்லோரும் கேளாமல் கிள்ளிக்கொள்ள, நடைவழியில் கறிவேப்பிலை. குழந்தைகளின் இருமலுக்குத் தூதுவளை, கற்பூரவல்லி. தண்ணீர் ஊற்ற வீட்டுக்கொரு நாள். பறிக்கும்போது, நோயாளி உள்ள வீட்டுக்கே முதற் பங்கு.

என் பாத்தி, உன் பாத்தி என்று கயிறு கட்டினால் கீரை விளையுமுன் சண்டை விளையும். அர்ச். பியாக்கரின் தோட்டத்தில் பசித்து வந்தவனுக்கும் பங்கிருந்தது. உங்கள் முற்றத்திலும் அப்படியே இருக்கட்டும்.