எம்டனின் தலைவர் கார்ல் வான் முல்லர்

பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி

பொது அறிவு நூல் எதை எடுத்துப் புரட்டினாலும் ஒரு வினா தவறாமல் கண்ணில் படும். முதல் உலகப்போரின்போது சென்னை நகரின்மீது குண்டு வீசிய ஜெர்மானியப் போர்க்கப்பல் எது என்பதே அந்த வினா. எம்டன் என்ற ஒரே சொல்தான் விடை. அதை மனப்பாடம் செய்துகொண்டு நாம் அடுத்த வினாவுக்குச் சென்றுவிடுகிறோம். ஆனால் அந்தக் கப்பலை நடத்தியவர் யார், அவர் எப்படிப்பட்டவர், அவருக்கு என்ன ஆயிற்று என்பவற்றை வினா-விடை நூல்கள் சொல்வதில்லை.

சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்குக் கடல் தொலைவு. காவிரியும், திருமணிமுத்தாறும், மேட்டூர் நீர்த்தேக்கமுமே நாம் அறிந்த நீர்நிலைகள். ஆயினும் எம்டன் என்ற சொல் மட்டும் எப்படியோ நம் ஊர்ப்புறங்கள்வரை வந்து சேர்ந்துவிட்டது. கெட்டிக்காரத்தனமும் துணிச்சலும் நிறைந்த ஆளைப் பார்த்து, அவன் சரியான எம்டன் என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஒரு கப்பலின் பெயர் தமிழ்ச் சொல்லாகவே மாறிவிட்டதென்றால், அதன் தலைவர் சாதாரண மனிதராக இருந்திருக்க முடியுமா?

கார்ல் வான் முல்லர் 1873-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் ஜெர்மனியிலுள்ள ஹானோவர் நகரில் பிறந்தார். தந்தையார் பிரஷ்யத் தரைப்படையில் கர்னலாக இருந்தவர். மகனோ கடலையே விரும்பினார். இராணுவப் பள்ளியில் பயின்றபின், 1891-இல் தம் பதினேழாம் வயதில் கடற்படையில் சேர்ந்து, பயிற்சிக் கப்பல்களில் தொழில் கற்றார். பின்னர் ஒரு சிறிய போர்க்கப்பலில் கிழக்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவரை மலேரியாக் காய்ச்சல் பற்றிக்கொண்டது. அந்நோய் அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. அதிகம் பேசாதவர், கூச்ச சுபாவம் உடையவர், கடமையில் கண்டிப்பானவர் என்று அவருடன் பணியாற்றியோர் அவரை அறிந்திருந்தனர். பெர்லினில் கடற்படை அலுவலகத்தில் சில ஆண்டுகள் பணிபுரிந்தபின், 1913-இல் எம்டன் கப்பலின் தலைமை அவருக்குக் கிடைத்தது.

எம்டன் என்பது ஜெர்மனியின் வடமேற்கில் உள்ள ஒரு துறைமுக நகரத்தின் பெயர். அப்பெயரைத் தாங்கிய கப்பல் 1908-இல் டான்சிக் நகரில் நீரில் இறக்கப்பட்டது. இன்று அந்நகரம் போலந்து நாட்டில் உள்ளது. கப்பலின் நீளம் சுமார் 118 மீட்டர். பள்ளி விளையாட்டு விழாவில் நாம் ஓடும் 100 மீட்டர் ஓட்டப் பாதையைவிடச் சற்று நீளம் என்று எண்ணிக்கொள்ளலாம். மூன்று புகைபோக்கிகள், பத்துப் பீரங்கிகள், நிலக்கரியால் இயங்கும் நீராவி எந்திரங்கள், முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மாலுமிகள். இதன் எழிலைக் கண்டோர் கீழ்த்திசையின் அன்னம் என்று இதற்குப் பெயரிட்டனர். சீனக் கரையில் ஜெர்மானியர் வசமிருந்த சிங்தாவ் துறைமுகமே இதன் இருப்பிடம்.

1914 ஆகஸ்டில் போர் மூண்டது. ஜெர்மனியின் கீழ்த்திசைக் கப்பற்படை பசிபிக் பெருங்கடலைக் கடந்து செல்லத் தீர்மானித்தது. முல்லர் மட்டும், தம் கப்பலைத் தனியாக இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்ப வேண்டும் என்று தளபதியிடம் கேட்டு இசைவு பெற்றார். அங்கே ஜெர்மனிக்கு ஒரு துறைமுகமும் இல்லை, பழுது பார்க்க இடமில்லை, நிலக்கரிக்கு வழியில்லை. எதிரிக் கப்பல்களைப் பிடித்து, அவற்றில் இருப்பதைக் கொண்டே வாழ வேண்டும். திரும்பி வர முடியாது என்பது தெரிந்தே அவர் புறப்பட்டார்.

தம் கப்பலை எதிரி அடையாளம் காணாதிருக்க அவர் ஓர் உபாயம் செய்தார். சில ஆங்கிலேயப் போர்க்கப்பல்களுக்கு நான்கு புகைபோக்கிகள் உண்டு. எனவே எம்டனின்மீது மரச்சட்டத்தாலும் துணியாலும் நான்காவது பொய்ப் புகைபோக்கி ஒன்றை எழுப்பினார். தொலைவிலிருந்து பார்த்தவர்கள் ஆங்கிலேயக் கப்பல் என்றே நம்பினர்.

செப்டம்பர் மாதம் வங்காள விரிகுடாவில் எம்டன் வேட்டையைத் தொடங்கியது. முதலில் அகப்பட்ட கப்பல்களுள் ஒன்று இண்டஸ். எம்டனில் அப்போது சோப்புக்குப் பஞ்சம். இண்டஸில் வேண்டிய மட்டும் சோப்பு கிடைக்கவே மாலுமிகள் மகிழ்ந்தார்களாம்! அடுத்தடுத்துப் பல கப்பல்கள் பிடிபட்டன. முல்லர் ஒரு முறையைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தார். பிடிபட்ட கப்பலில் உள்ளவர்கள் அனைவரையும் முதலில் பத்திரமாக இறக்கி வேறு கப்பலில் ஏற்றிய பின்னரே அதை மூழ்கடிப்பார். கபிங்கா என்ற கப்பலில் அதன் தலைவருடைய மனைவியும் குழந்தையும் இருந்தனர். அக்கப்பலை அவர் மூழ்கடிக்கவில்லை. மற்ற கைதிகளையும் அதிலேயே ஏற்றி விடுதலை செய்து அனுப்பிவிட்டார். இதனால் எதிரி நாட்டுப் பத்திரிகைகளே அவரைப் புகழ்ந்து எழுதின.

1914 செப்டம்பர் 22. இரவு ஒன்பது மணிக்குமேல் எம்டன் சென்னைத் துறைமுகத்தை நெருங்கியது. நகரில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கலங்கரை விளக்கமும் ஒளி வீசிக்கொண்டிருந்தது. கரைக்கு மூன்று கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் கப்பல் நின்றது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் பெரிய எண்ணெய்த் தொட்டிகளே அதன் குறி. சுமார் அரைமணி நேரத்தில் ஏறத்தாழ 130 குண்டுகள் பாய்ந்தன. தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற கப்பல் ஒன்றும் சேதமடைந்தது. உயர்நீதிமன்ற மதில் அருகே ஒரு குண்டு விழுந்த இடத்தில் பதிக்கப்பட்ட கல்வெட்டு அந்த இரவை நினைவூட்டுகிறது. கரையிலிருந்த பீரங்கிகள் பதிலுக்குச் சுட்டபோதிலும் எம்டனுக்கு ஒரு காயமும் ஏற்படவில்லை. விளக்குகளை அணைத்துக்கொண்டு அது இருளில் மறைந்தது.

எண்ணெயை எரிப்பது மட்டும் முல்லரின் நோக்கமன்று. ஆங்கிலேயரின் ஆட்சியை யாராலும் அசைக்க முடியாது என்ற நம்பிக்கையை மக்கள் மனத்தில் உடைப்பதே அவருடைய முக்கிய எண்ணம். அது ஓரளவு நிறைவேறியது. அடுத்த நாட்களில் மக்கள் கூட்டங்கூட்டமாகச் சென்னையை விட்டு உள்நாட்டு ஊர்களுக்குச் சென்றனர். இரயில் வண்டிகளில் இடம் கிடைக்கவில்லை. கப்பல் போக்குவரத்து பல நாட்கள் தடைப்பட்டது.

ஆனால் தோழியரே, ஒன்றை நாம் மறக்கலாகாது. அந்த இரவில் குறைந்தது ஐந்து பேர் மாண்டனர், பலர் காயமுற்றனர். போர் ஏன் நடக்கிறது என்பதே அறியாத எளிய மக்கள் பலர் அஞ்சி ஓடினர். மாலுமிகளின் உயிரைக் காக்க அத்தனை கவனம் எடுத்த மனிதர்தாம், உறங்கப் போகும் நகரத்தின் ஓரத்தில் குண்டுகளைப் பொழிந்தார். இவ்விரண்டும் ஒருவரே செய்தவை. அவரை முழுதும் புகழவும் முடியவில்லை, முழுதும் இகழவும் முடியவில்லை. நல்லவர்களையும் இப்படிச் செய்ய வைப்பதுதான் போரின் கொடுமை என்று எனக்குத் தோன்றுகிறது.

சென்னையை விட்ட எம்டன் இலங்கையைச் சுற்றிச் சென்று மேலும் பல கப்பல்களைப் பிடித்தது. அக்டோபரில் டீகோ கார்சியா என்னும் சிறு தீவை அடைந்தது. அங்கிருந்தவர்களுக்குப் போர் தொடங்கிய செய்தியே தெரியாது! எம்டன் மாலுமிகள் அங்கே தம் கப்பலைச் சுத்தம் செய்துகொண்டதோடு, தீவிலிருந்தவரின் பழுதான எந்திரப் படகையும் சரிசெய்து கொடுத்தனர். அக்டோபர் 28 அதிகாலையில் பினாங்கு துறைமுகத்துள் துணிந்து நுழைந்து, ரஷ்யப் போர்க்கப்பலான செம்சுக்கை மூழ்கடித்தது. வெளியே எதிர்ப்பட்ட மூஸ்கே என்ற பிரெஞ்சுக் கப்பலும் மூழ்கியது. தப்பிச் செல்லவேண்டிய அந்த அவசரத்திலும் முல்லர் நின்று, நீரில் தத்தளித்த பிரெஞ்சு மாலுமிகளைக் காப்பாற்றினார்.

நவம்பர் 9-ஆம் நாள் எம்டனின் இறுதி நாளாயிற்று. கோகோஸ் தீவுகளில் இருந்த தந்தி நிலையத்தை அழிக்க முல்லர் ஒரு பிரிவினரைக் கரைக்கு அனுப்பினார். நிலையத்தார் அதற்குள் கம்பியில்லாத் தந்தி மூலம் அபாயச் செய்தியை அனுப்பிவிட்டனர். அருகில் படைவீரர்களை ஏற்றிச் சென்ற கப்பற் கூட்டத்திலிருந்து சிட்னி என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் விரைந்து வந்தது. அது எம்டனைவிடப் பெரியது, வேகம் மிக்கது, அதன் பீரங்கிகள் அதிக தூரம் சுடக்கூடியவை. எம்டன் உருக்குலைந்தது. கப்பலோடு எல்லோரும் மூழ்கிவிடாதிருக்க, முல்லர் அதை வடக்கு கீலிங் தீவின் பவளப்பாறைமீது ஏற்றி நிறுத்தினார். எம்டனில் 130-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சிட்னியில் நால்வர் இறந்தனர். காயமுற்ற கைதிகளுடன் சிட்னி கொழும்புத் துறைமுகத்தில் நுழைந்தபோது, அவர்களுடைய துன்பத்தை மதித்து வெற்றி ஆரவாரம் வேண்டாம் என்று அதன் தலைவர் கேட்டுக்கொண்டாராம். பகைவரிடையேயும் பண்பு இருந்தது என்பதற்கு இது சான்று.

கரைக்குச் சென்ற பிரிவினரோ, ஆயிஷா என்ற பழைய பாய்மரக் கப்பலில் ஏறித் தப்பி, அரேபியப் பாலைவனத்தையும் கடந்து, 1915-இல் துருக்கியின் கான்ஸ்டாண்டிநோபிள் நகரை அடைந்தனர். அது தனிக் கதை.

முல்லர் முதலில் மால்டாத் தீவிலும், 1916 முதல் இங்கிலாந்திலும் கைதியாக இருந்தார். 1917-இல் சுரங்கம் தோண்டி சில அதிகாரிகளுடன் தப்பினார். ஆனால் மீண்டும் பிடிபட்டார். மலேரியா முற்றவே, 1918-இல் சிகிச்சைக்காக ஹாலந்துக்கு அனுப்பப்பட்டு, அக்டோபரில் தாயகம் திரும்பினார். ஜெர்மனியின் மிக உயர்ந்த வீர விருது அவருக்கு அளிக்கப்பட்டது. உடல் நலிவால் 1919-இல் பணியிலிருந்து ஓய்வு பெற்று, 1920-இல் திருமணம் செய்துகொண்டார். இரு பெண் குழந்தைகள் பிறந்தனர். எம்டனின் கதையை எழுதினால் பெரும் பணம் கிடைத்திருக்கும். தம் தோழர்களின் இரத்தத்தை விலையாக்குவது போலாகும் என்று கருதி அவர் மறுத்துவிட்டதாகக் கூறுவர். 1923 மார்ச் 11-ஆம் நாள், ஐம்பது வயதுகூட நிரம்பாத நிலையில் அவர் மறைந்தார்.

இங்கே இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். திருவனந்தபுரத்தில் பிறந்த தமிழரான விடுதலை வீரர் செண்பகராமன் எம்டனில் வந்தார் என்று சில பொது அறிவு நூல்களில் காணலாம். ஆனால் 1914-இல் போர் தொடங்கியபோது அவர் ஐரோப்பாவில் இருந்தார். சூரிச் நகரிலிருந்து பெர்லினுக்குச் சென்று பணியாற்றினார். எம்டனோ கீழ்த்திசையிலிருந்து புறப்பட்டு, வழியில் ஐரோப்பாப் பக்கமே போகாத கப்பல். ஆகவே அந்தச் செய்தி பொருந்தவில்லை. ஒரு நூலைப் பார்த்து மற்றொரு நூல் எழுதப்படும்போது இத்தகைய பிழைகள் பரவிவிடுகின்றன. நம் கொங்கு நாட்டைச் சேர்ந்த பெரியசாமித் தூரன் அவர்கள் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்து, பத்துத் தொகுதிகளாகத் தமிழ்க் கலைக்களஞ்சியத்தை உருவாக்கப் பல ஆண்டுகள் உழைத்தார். சிறிய கையேட்டோடு நில்லாமல் இத்தகைய பெரிய நூல்களையும் திறந்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பது நம் கடமை. வரலாற்றில் செண்பகராமனுக்குரிய பெருமை எம்டன் இல்லாமலே நிற்கக்கூடியது.

தோழியரே! எம்டன் என்ற நான்கெழுத்துக்கு மதிப்பெண் ஒன்றுதான். ஆனால் அதற்குள் ஒரு மனிதரின் துணிவும், இரக்கமும், சென்னையில் மாண்டவர்களின் துயரும், பவளப்பாறையில் உயிர்விட்ட இளைஞர்களின் கதையும் அடங்கியிருக்கின்றன. இனி அந்த வினாவைப் படிக்கும்போது விடையை எழுதிவிட்டு ஒரு கணம் இவர்களையும் நினைப்போமாக. போரில்லாத உலகம் நம் தலைமுறையிலாவது மலரட்டும்!