குறிப்பு எழுதிப் படித்த தமிழ்த் தாத்தா

சிவகாசி என்றதும் பட்டாசும் தீப்பெட்டியும் நினைவுக்கு வரும். பள்ளிப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களும் அங்கே தயாராகின்றன. விருதுநகர் மாவட்டத்திலிருந்து லாரி லாரியாக வெளியூர்களுக்குப் போகின்றன.

நோட்டு வாங்குவது எளிது. அதில் என்ன எழுதுவது? அங்கேதான் பிள்ளைகள் திணறுகிறார்கள். பாடத்தை வரி விடாமல் பார்த்து எழுதிவிட்டு, படித்துவிட்டதாக நினைக்கிறார்கள். கை வலித்ததுதான் மிச்சம்!

குறிப்பு எழுதிப் படிப்பதில் கெட்டிக்காரர் ஒருவர் இருந்தார். அவர்தான் தமிழ்த் தாத்தா உ. வே. சாமிநாதய்யர்.

ஏழை மாணவர்

1855-ம் ஆண்டு பிப்ரவரி 19-ந் தேதி பிறந்தார். சொந்த ஊர் கும்பகோணத்தை அடுத்த உத்தமதானபுரம். தந்தை வேங்கடசுப்பையர், சங்கீத வித்துவான். வீட்டில் வறுமை. ஆனாலும் பையனுக்குத் தமிழ்ப் பித்து.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தார். வேங்கடராமன் என்ற பெயரைச் சாமிநாதன் என்று மாற்றியவர் பிள்ளைதான். பிள்ளை வாயால் பாட்டுகளைச் சொல்லிக்கொண்டே போவார். மாணவர் ஓலையில் எழுத்தாணியால் எழுதுவார். காதும் கையும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும்.

1876-ல் ஆசிரியர் காலமானார். 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் சாமிநாதய்யருக்குத் தமிழாசிரியர் வேலை கிடைத்தது.

முனிசீப்பு கேட்ட கேள்வி

அதே ஆண்டு அக்டோபரில், ஊர் முனிசீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று அய்யர் அடுக்கினார். முதலியார் அசரவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். அய்யர் படித்ததில்லை.

நூல் கைக்கு வந்தது. 3,145 பாட்டுகள். நச்சினார்க்கினியர் உரை இருந்தது. ஆனால் உரையாசிரியர் பல பழைய நூல்களின் வரிகளை எடுத்துக் காட்டுவார்; எந்த நூல் என்று பல இடங்களில் சொல்ல மாட்டார்.

வேறொருவராக இருந்தால் ஏட்டை மூடியிருப்பார். அய்யர் தெரியாததைக் குறித்துக்கொண்டார். ஜைன மத விஷயங்கள் புரியாதபோது, ஊரில் இருந்த ஜைனர்களிடமே போய்க் கேட்டார். சொற்களுக்கு அகராதி எழுதி வைத்தார். பின்னால் பத்துப்பாட்டுச் சுவடி கிடைத்தபோது, உரையில் கண்ட வரிகள் பல அதில் இருந்தன. பெயர் தெரியாத வரிக்கு ஊரும் பேரும் கிடைத்துவிட்டது!

நீங்களும் செய்யலாம்

நோட்டில் இடது பக்கம் மூன்று விரல் அகலம் விடுங்கள். வலது பக்கம் பாடத்தின் சாரத்தைச் சொந்த வார்த்தையில் சுருக்கமாக எழுதுங்கள். புரியாத சொல்லையும் சந்தேகத்தையும் இடது பக்கம் எழுதி, புத்தகத்தின் பக்க எண்ணைப் போடுங்கள். மறுநாள் ஆசிரியரிடம் கேட்டு விடையை நிரப்புங்கள். பரீட்சைக்கு முன் வலது பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, இடது பக்கத்தை மட்டும் பார்த்துப் பாடத்தைச் சொல்லிப் பாருங்கள். கடையில் விற்கும் நோட்ஸில் இந்த வசதி கிடையாது. அது அடுத்தவர் சந்தேகத்துக்கு எழுதிய விடை.

அச்சேறிய நூல்கள்

1887-ல் சிந்தாமணி அச்சில் வந்தது. 1889-ல் பத்துப்பாட்டு, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு, 1898-ல் மணிமேகலை. இதற்காக அய்யர் ஊர் ஊராகப் போய் ஏடு தேடினார். பல வீடுகளில் கறையான் முந்திக்கொண்டது. சில வீடுகளில் ஆடிப்பெருக்கன்று ஏடுகளை ஆற்றில் விட்டிருந்தார்கள்.

குறுந்தொகைக்குப் பழைய உரை கிடைக்கவே இல்லை. அய்யர் தாமே உரை எழுதினார். 1937-ல் அது வெளிவந்தபோது அவருக்கு வயது 82. ஐந்து ஆண்டு கழித்து, 1942 ஏப்ரல் 28-ந் தேதி காலமானார். ஆனந்த விகடனில் எழுதிவந்த அவருடைய சொந்தச் சரித்திரம் பாதியில் நின்றது.