திருச்சபைகளை இணைக்க உழைத்த டி. ரி. நைல்ஸ்

எமது பழைய மாணவிகள் சங்கம் நூறாண்டு காணும் இவ்வேளையில், யாழ்ப்பாண மண் உலகத் திருச்சபைக்கு அளித்த அருட்கலாநிதி டானியல் தம்பிராஜா நைல்ஸ் அவர்களை நினைவுகூர்வது பொருத்தமென, தம்புள்ளையில் வாழும் பழைய மாணவிகளாகிய நாம் கருதுகின்றோம்.

அன்னார் 1908ஆம் ஆண்டு தெல்லிப்பழையில் பிறந்தார். வெஸ்லியன் மிஷன், அமெரிக்கன் மிஷன், சேர்ச் மிஷன் ஆகிய மூன்றும் குடாநாட்டில் தனித்தனியே பணியாற்றிய காலம் அது. வேம்படி, உடுவில், சுண்டுக்குளி மகளிர் பாடசாலைகளும் அவ்வாறே வெவ்வேறு மிஷன்களின் வழியாக வந்தவை. கல்வியால் நாம் பெற்ற நன்மை பெரிது. ஆயினும் ஒரே ஊர்க் கிறிஸ்தவர்கள் வெவ்வேறு திருச்சபையினராயினர்.

பெங்களூரில் இறையியல் கற்ற நைல்ஸ், மெதடிஸ்த போதகரானார். 1938இல் சென்னைக்கு அருகே தாம்பரத்தில் கூடிய சர்வதேச மிஷனரி மாநாட்டில் பங்குபற்றினார். 1948இல் ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபைகள் மன்றம் உருவானபோது, ஆரம்ப ஆராதனையில் 83 வயதான ஜோன் மொட்டுடன் 40 வயதான நைல்ஸும் பிரசங்கித்தார்.

அக்காலத்தில் ஆசியத் திருச்சபைகளுக்கு லண்டனும் நியூயோர்க்கும் தெரிந்த அளவுக்கு அயல்நாட்டுத் திருச்சபைகளைத் தெரியாது. இக்குறையைப் போக்க 1957இல் சுமாத்திராவின் பிராபாட்டில் கிழக்காசியக் கிறிஸ்தவ மாநாடு உருப்பெற்றது. நைல்ஸ் அதன் பொதுச் செயலாளரானார். மேற்குலகம் கொடுப்பதும் ஆசியா பெறுவதும் என்றில்லாமல், இரு சாராரும் பங்காளராக ஊழியம் செய்யவேண்டுமென அவர் உழைத்தார். ஆசியத் திருச்சபைகள் ஒன்றின் பாடலை மற்றொன்று பாடும்படி பாடல் நூலொன்றையும் தொகுத்தார். 1968இல் மாட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டதால், சுவீடனின் உப்சாலா நகரில் அவர் ஆற்றவேண்டிய ஆரம்பப் பிரசங்கம் நைல்ஸிடம் ஒப்படைக்கப்பட்டது.

தாயகத்திலோ பணி கடினமாயிருந்தது. 1947இல் அமெரிக்கன் மிஷன் வழிவந்த சபைகள் தென்னிந்திய திருச்சபையில் இணைந்து யாழ்ப்பாண ஆதீனமாயின. மெதடிஸ்தரும் அங்கிலிக்கரும் தனித்தே நின்றனர். இவர்களையும் பப்ரிஸ்த, பிரஸ்பிற்றேரியன் சபைகளையும் ஒன்றாக்கும் திட்டத்துக்காக நைல்ஸ் நெடுங்காலம் பாடுபட்டார். இலங்கை மெதடிஸ்த திருச்சபையின் தலைவராயிருந்தபோதே, 1970 யூலை 17இல் வேலூரில் இறைவனடி சேர்ந்தார். அந்த ஐக்கியம் இன்றுவரை கைகூடவில்லை.

யாழ்ப்பாணத்தையும் கண்டியையும் இணைக்கும் வீதியிலுள்ள எமது தம்புள்ளையில் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் சிலவே. ஒரு வீட்டில் ஜெபத்துக்குக் கூடும்போது, யார் எந்த மிஷன் என நாம் கேட்பதில்லை. கேட்டால் கூட்டம் நடத்த ஆளிராது! பெரிய சபைகளால் முடியாததைச் சிறிய ஊர்கள் தேவையினால் செய்கின்றன. தேவையில்லாத இடத்திலும் விரும்பிச் செய்வதே அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன். நூற்றாண்டு காணும் சங்கம், சகோதரப் பாடசாலைகளின் பழைய மாணவிகளோடும் கைகோத்து மேலும் வளர வாழ்த்துகின்றோம்.