ஷ்மிட் செய்த துப்பாக்கி

பழைய ஸ்விஸ் ராணுவத் துப்பாக்கிகளைத் தேடி வாங்கிச் சேர்ப்போர் உலகில் பலர் உண்டு. அவர்களிடையே அடிக்கடி அடிபடும் பெயர் கர்னல் ருடால்ப் ஷ்மிட்.

1832-ல் பாஸல் நகரில் பிறந்தவர். துப்பாக்கி செய்யுமுன் அதன் சரித்திரத்தையே கரைத்துக் குடித்தவர். 1875-ல் அதைப் பெரும் நூலாகவும் வெளியிட்டார். பெர்ன் அரசாங்க ஆயுதத் தொழிற்சாலைக்குத் தலைவராகவும் இருந்தார்.

அக்காலத்து ரைபிளில் ஒவ்வொரு முறையும் கைப்பிடியைத் தூக்கி, இழுத்து, தள்ளி, மடக்க வேண்டும். சிப்பாய்க்கு எத்தனை வேலை! ஷ்மிட் அதை நேராக ஓர் இழுப்பு, ஒரு தள்ளு என்று சுருக்கிவிட்டார். எட்வர்ட் ரூபின் வகுத்த 7.5 மில்லிமீட்டர் தோட்டா அதற்கு ஜோடி. 1889-ல் ராணுவம் ஏற்றுக்கொண்ட இத்துப்பாக்கியின் பெட்டியில் 12 தோட்டாக்கள் அடங்கின.

ஆனால் பூட்டைத் தாங்கும் பற்கள் வெகுவாகப் பின்னால் அமைந்துவிட்டன. ஷ்மிட் 1898-ல் காலமானார். 1911-ல் வேகம் மிகுந்த தோட்டா வந்தது. அதற்கென்று பூட்டை உறுதியாக்கிப் புது ரைபிள்கள் செய்தார்கள். 1889 துப்பாக்கியோ பழைய பூட்டுடனேயே நின்றுவிட்டது.

ஆகவே வாங்குபவர் முதலில் பூட்டிலும் உடலிலும் பொறித்த எண்கள் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பார். பிறகு மாடலைப் பார்ப்பார். 1911-ம் வருஷத் தோட்டா இதன் குழாயிலும் நுழைந்துவிடும். ஆனால் அதைச் சுடுவது ஆபத்து.