முகமூடி வீரரின் தோழர்

கௌபாய் கதை என்றாலே நமக்குக் குதிரையும் தொப்பியும் துப்பாக்கியும்தான் ஞாபகம் வரும். கதாநாயகன் பக்கத்திலேயே இன்னொருத்தர் குதிரையில் வருவாரே, அவரை நாம் கவனிக்கிறோமா? அப்படி வந்த ஒருவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவர் பெயர் ஜே சில்வர்ஹீல்ஸ்.

கனடா நாட்டில் ஒன்டாரியோ மாகாணத்தில் சிக்ஸ் நேஷன்ஸ் என்ற பூர்வகுடி மக்களின் ஊரில் 1912 மே 26 அன்று பிறந்தார். மோஹாக் இனத்தவர். ஆனால் வீட்டில் வைத்த பெயர் ஹரால்டு ஸ்மித். அவருடைய அப்பா முதல் உலகப்போரில் சண்டை போட்ட ராணுவ அதிகாரி.

சின்ன வயதிலிருந்தே விளையாட்டில் கெட்டிக்காரர். லக்ராஸ் என்று ஒரு விளையாட்டு. நுனியில் வலை கட்டிய குச்சியால் பந்தைப் பிடித்து வீசி கோல் போடணும். அது அவர்கள் மக்களே கண்டுபிடித்தது. அதில் அவர் அவ்வளவு வேகமாக ஓடுவாராம். சில்வர்ஹீல்ஸ் என்றால் வெள்ளிக் குதிகால்! ஓட்டத்துக்குக் கிடைத்த பட்டப்பெயரே பிறகு சொந்தப் பெயர் ஆகிவிட்டது. குத்துச்சண்டையும் போடுவார்.

1937இல் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு விளையாடப் போனபோது ஜோ பிரவுன் என்ற நகைச்சுவை நடிகர் பார்த்துவிட்டு, நீ சினிமாவுக்கு வா என்றார். போனார். ஆனால் பல வருஷம் கூட்டத்தில் ஒருவராக நிற்பதும் சண்டைக் காட்சியில் கீழே விழுவதும்தான் வேலை.

1949இல் 'தி லோன் ரேஞ்சர்' டி.வி. தொடர் வந்தது. முகமூடி போட்ட வீரருக்குத் தோழராக டோண்டோ என்ற வேடம் இவருக்கு. 1957 வரை 200க்கும் மேற்பட்ட வாரங்கள் ஓடியது. நடுவில் முகமூடி வீரராக நடித்தவரையே கொஞ்ச காலம் மாற்றினார்கள், டோண்டோவை மாற்றவில்லை!

எனக்குக் கஷ்டமாக இருந்தது இதுதான். ஜே நன்றாக ஆங்கிலம் பேசுவார். ஆனால் டோண்டோ இலக்கணம் இல்லாமல் உடைத்து உடைத்துத்தான் பேசணும். ஸ்பானிஷ் மொழியில் டோண்டோ என்றால் முட்டாள் என்று அர்த்தமாம். நம் பேச்சை யாராவது கிண்டல் பண்ணினாலே எவ்வளவு சுருக்கென்று இருக்கும்? இவர் எட்டு வருஷம் அப்படியே நடித்தார். அவருக்கும் அது பிடிக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்களே முகத்தில் சாயம் பூசிக்கொண்டு பூர்வகுடி வேடம் போடுவார்கள். உண்மையான பூர்வகுடி நடிகருக்கு வேலை கிடைப்பதே அபூர்வம்.

அதனால் அவர் சும்மா இருக்கவில்லை. 1966இல் லாஸ் ஏஞ்சல்ஸில் மற்ற சிலரோடு சேர்ந்து பூர்வகுடி நடிகர்களுக்கு ஒரு பயிற்சிப் பட்டறை ஆரம்பித்தார். தங்கள் மக்களின் வேடத்தைத் தங்கள் மக்களே நடிக்கணும் என்பது அவர் ஆசை. எட்டு வருஷம் டோண்டோவாக நடித்ததைவிட இதுதான் பெரிசு என்பது என் கருத்து. 1969இல் ஒரு டி.வி. நிகழ்ச்சியில் டோண்டோ வேறு வேலை தேடி வருவது போல் நடித்து, அந்த வேடத்தைத் தானே கேலியும் செய்தார். ஆள் சரியான குறும்புக்காரர்!

வயதான பிறகு குதிரை வண்டிப் பந்தயத்தில் இறங்கினார். 1979இல் ஹாலிவுட் நடைபாதையில் அவர் பெயரில் நட்சத்திரம் பதித்தார்கள். 1980 மார்ச் 5 அன்று இறந்தார். அவருடைய சாம்பலைச் சிக்ஸ் நேஷன்ஸுக்கே கொண்டுபோனார்கள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி