பாஷாணம் கட்டிய போகர்

பழனிமலையில் தண்டாயுதபாணியைத் தரிசித்து வலம் வரும் அன்பர்கள், தென்மேற்குத் திருச்சுற்றில் உள்ள போகரின் சமாதியையும் வணங்குவர். மூலவரின் திருமேனியை நவபாஷாணத்தால் சமைத்தவர் அவரே என்பது வழிவழி வந்த நம்பிக்கை.

பதினெண் சித்தருள் ஒருவராகிய போகர், காலாங்கிநாதரின் மாணாக்கர். அவரைச் சீனர் என்பாரும், தமிழகத்தில் தோன்றிச் சீனம் சென்று மீண்டவர் என்பாரும் உளர். போகர் ஏழாயிரம் முதலிய நூல்கள் அவர் பெயரால் வழங்குகின்றன. இன்று கிடைக்கும் வடிவில் அவற்றின் நடை பிற்காலத்தது. எனினும் அந்நூல்கள் பேசும் இரசவாதக் கலை மிகத் தொன்மையானது.

பாஷாணம் என்றால் நஞ்சு. சித்த மருத்துவம் 64 பாஷாணங்களைக் கூறும். பிறவியாகக் கிடைப்பன 32, வைத்து எடுப்பன 32. வீரம், பூரம், சாதிலிங்கம் ஆகியன இரசம் சேர்ந்தவை. தாளகம், மனோசிலை, வெள்ளைப் பாஷாணம் ஆகியவற்றில் இருப்பது ஆர்சனிக். இவற்றுள் வீரமும் வெள்ளைப் பாஷாணமும் சிறிதளவு உட்சென்றாலும் உயிரைக் குடிப்பவை. நவபாஷாணத்தின் ஒன்பது எவை என்பதில் நூல்கள் ஒருமித்து நிற்பதில்லை.

வேரும் தழையும் தீர்க்காத நோய்க்கே சித்தர்கள் பற்பத்தையும் செந்தூரத்தையும் நாடினர். மூலிகை சில திங்களில் வீரியம் இழக்கும். செந்தூரமோ ஆண்டுகள் பல கடந்தும் கெடாது என்பர். ஆனால் அதனைச் செய்து முடிப்பது எளிதன்று. சரக்கை முதலில் சுத்தி செய்து, மூலிகைச் சாற்றில் நாட்கணக்கில் அரைத்து, வில்லையாக்கி உலர்த்தி, அகலில் இட்டுச் சீலைமண் பூசி, வறட்டி அடுக்கிப் புடமிட வேண்டும். தீ மிகுந்தால் இரசம் ஆவியாய்ப் போய்விடும். குறைந்தால் நஞ்சு நஞ்சாகவே நிற்கும். தீயில் நில்லாது ஓடும் சரக்கை நிற்கச் செய்வதே கட்டு எனப்படும். போகரின் பெருமை இக்கட்டில்தான் இருக்கிறது. நூல்கள் இம்முறைகளைப் பரிபாஷையில் மறைத்து வைத்தமையும், தகுதியற்றவன் கையில் இவை மருந்தாகா என்பதனாலேயே போலும்.

இரசமும் ஆர்சனிக்கும் உடலில் தங்கிச் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுப்பதை இன்றைய ஆய்வு ஐயமறக் காட்டியுள்ளது. போகரின் பெயரைச் சொல்லி நவபாஷாண மணி என்று விற்கப்படுவதை நீரில் ஊறவைத்துப் பருகுவோர், சுத்தியும் கட்டும் அறிந்தவர்கள் எவ்வளவு அஞ்சி அச்சரக்குகளைத் தொட்டனர் என்பதை எண்ணுவதில்லை.

பழனியிலே போகர் மருந்தை எவர் வாயிலும் இடவில்லை. வழிபடும் திருமேனியாக நிறுத்தினார். பாலும் சந்தனமும் அத்திருமேனியைத் தீண்டி வந்து அடியார்க்குப் பிரசாதமாயின. அவருக்குப்பின் அவர் மாணாக்கர் புலிப்பாணி பூசையை ஏற்றார். திருமலை நாயக்கர் காலத்தில் தளவாய் இராமப்பையன் மூலவர் பூசையை வேறு அர்ச்சகர்களிடம் ஒப்புவித்தார் என்பர். போகர் வழிபட்டதாகக் கூறப்படும் புவனேசுவரியும் மரகத லிங்கமும் உள்ள சமாதியில், புலிப்பாணி மரபினரே பூசை செய்து வருகின்றனர்.