இதய நோய்க்கு இலை கண்ட வில்லியம் விதரிங்

நான் படிவம் நான்கில் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு நாள் மதியம் என் தாத்தாவுக்கு வெள்ளைச் சோறு மஞ்சளாகத் தெரிந்தது. சோற்றில் மஞ்சள் தூளைக் கொட்டிவிட்டதாகப் பாட்டியைக் கோபித்துக்கொண்டார். மறுநாள் வீட்டுச் சுவரும் மஞ்சள். வயதான மனிதர், கண்ணில் சதை வளர்ந்திருக்கும் என்று நாங்களே முடிவு செய்தோம். அப்பா அவரைக் கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போகவும் நாள் குறித்துவிட்டார். மூன்றாம் நாள் வாந்தி, தலைச்சுற்றல். மருத்துவமனையில் நாடி பார்த்தபோது நிமிடத்திற்கு 40ஐக்கூட எட்டவில்லை. கால் வீக்கத்திற்காகவும் இதயப் பலவீனத்திற்காகவும் பல ஆண்டுகளாக அவர் விழுங்கி வந்த டிகாக்சின் என்னும் சின்ன மாத்திரைதான் காரணம் என்றார்கள். வயதாகிச் சிறுநீரகம் தளர்ந்ததால் மருந்து வெளியேறாமல் உடம்பிலேயே தேங்கிவிட்டதாம். பார்வை மஞ்சளானால் உடனே வர வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இன்று நான் மருந்தியல் மாணவன். சென்ற ஆண்டு டிகாக்சினைப் பற்றிப் படிக்க நூலகத்திற்குப் போனவன், 1785ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு நூலில் வந்து நின்றேன். பொருள்கள் மஞ்சளாகவும் பச்சையாகவும் தோன்றும், வாந்தி வரும், நாடி 35 வரை இறங்கும் என்று அதில் இருந்தது. என் தாத்தா பட்ட பாட்டை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் எழுதி வைத்திருக்கிறார்! யார் இவர்?

வில்லியம் விதரிங் 1741இல் இங்கிலாந்தின் ஷ்ரோப்ஷியர் வட்டாரத்தில் உள்ள வெலிங்டன் என்ற ஊரில் பிறந்தார். தந்தையும் மருத்துவத் தொழில் செய்தவரே. எடின்பர்க் பல்கலைக்கழகத்தில் படித்து 1766இல் மருத்துவர் ஆனார். அங்கே அவருக்குப் பிடிக்காத பாடம் ஒன்று இருந்தது. அதுதான் தாவரவியல்! நன்றாகப் படிக்கும் மாணவனுக்குத் தங்கப் பதக்கம் தருவதாகப் பேராசிரியர் அறிவித்தும் அவர் மனம் இளகவில்லை. (நம்மில் சிலருக்கு இது ஆறுதலாக இருக்கும்.)

அவரை மாற்றியது ஒரு பெண். ஸ்டாஃபர்டு நகரில் பணியாற்றியபோது சிகிச்சைக்கு வந்த ஹெலினா குக்ஸ் பூக்களை ஓவியமாகத் தீட்டுபவர். அவருக்காகச் செடி தேடி அலையத் தொடங்கியவர் 1772இல் அவரையே மணந்தார். 1776இல் பிரிட்டனில் இயல்பாக வளரும் தாவரங்கள் அனைத்தையும் வகைப்படுத்தி ஒரு பெருநூலே எழுதிவிட்டார்.

இதற்கிடையில் 1775இல் ஒரு கைமருந்தைப் பற்றி அவரிடம் கருத்துக் கேட்டார்கள். உடம்பில் நீர் கோர்த்துக் கால் வீங்கி, வயிறு உப்பி, மூச்சு முட்டிச் சாகும் நோய் அக்காலத்தில் மிகுதி. அதற்கு ஷ்ரோப்ஷியரில் ஒரு மூதாட்டி இரகசியமாக மருந்து கொடுத்து வந்தார். மருத்துவர்கள் கைவிட்டவர்களையும் சில வேளைகளில் எழுப்பி உட்கார வைத்தார். அதில் இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள் இருந்தன. அவற்றுள் வேலை செய்வது ஃபாக்ஸ்குளோவ் என்ற செடிதான் என்று விதரிங் கண்டுகொண்டார். ஊதா நிறத்தில் மணி மணியாகப் பூக்கும் காட்டுச்செடி அது. பூவுக்குள் விரல் நுழையும். அதனால்தான் விரலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து டிஜிட்டாலிஸ் என்று அறிவியல் பெயர் வைத்தார்கள்.

அந்த மூதாட்டியின் பெயரை விதரிங் எழுதவில்லை. செடிகளையெல்லாம் பெயர் சொல்லி வகைப்படுத்தியவர் இதை எப்படி விட்டார்? எனக்கு இது ஒரு குறையாகவே படுகிறது. பிற்காலத்தில் அட்டன் பாட்டி என்று ஒரு பெயர் பரவியது. அது 20ஆம் நூற்றாண்டில் ஒரு மருந்து நிறுவனம் தன் விளம்பரத்திற்காகச் சூட்டிய பெயராம்!

செடியைக் கண்டுபிடித்ததோடு கதை முடிந்திருந்தால் விதரிங்கைப் பற்றி நான் எழுத வந்திருக்க மாட்டேன். ஃபாக்ஸ்குளோவ் நஞ்சு என்பது முன்பே தெரியும். எவ்வளவு கொடுத்தால் மருந்து, எவ்வளவு கொடுத்தால் நஞ்சு என்பதுதான் எவருக்கும் தெரியாது. விதரிங் பத்து ஆண்டுகளை இதற்கே செலவிட்டார். முதலில் இலையைக் கொதிக்க வைத்துக் கொடுத்தார். பிறகு வெந்நீரில் ஊற வைத்தார். இறுதியில் காய்ந்த இலையின் பொடிக்கு வந்தார். பருவத்திற்குப் பருவம் இலையின் வீரியம் மாறுவதைக் கண்டு, பூ மலரும் சமயத்தில்தான் பறிக்க வேண்டும் என்று வரையறுத்தார். தொடக்கத்தில் தாம் அளவுக்கு மீறிக் கொடுத்ததையும் ஒப்புக்கொண்டார். இச்சோதனைகளில் பெரும்பங்கு இலவச சிகிச்சைக்கு வந்த ஏழைகளிடம் நடந்தது. இன்று எந்த ஆய்வு நெறிக்குழுவும் இதற்கு அனுமதி தராது. ஆனால், அவர் பிழைத்தவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து எழுதவில்லை. 1785இல் வெளியிட்ட நூலில் 150க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்கள் உள்ளன. குணமாகாதவர்களும் இறந்தவர்களும் அதில் இருக்கிறார்கள்.

யாருக்கு இம்மருந்து பயன்படும் என்பதையும் அவர் கவனித்தார். முகம் வெளுத்து, நாடி தளர்ந்தோ விட்டுவிட்டோ துடிப்பவர்களுக்கு நீர் வடிந்தது. உடல் திடமாக, நாடி கயிறு போல் முறுக்கேறி இருந்தவர்களுக்குப் பெரும்பாலும் பயனில்லை. ஸ்டெதஸ்கோப் பிறந்ததே 1816இல்தான். அதற்கு முன்பே விரல் நுனியால் இதய நோயாளியைப் பிரித்தறிந்தவர் இவர்! இத்தனைக்கும் இதயம் பலவீனமாகி இரத்தம் தேங்குவதால் நீர் கோர்க்கிறது என்ற முழு விளக்கம் அவரிடம் இல்லை. இம்மருந்துக்கு இதயத் துடிப்பின் மேல் வேறெந்த மருந்துக்கும் இல்லாத ஆற்றல் உண்டு என்று மட்டும் குறித்து வைத்தார். சிறுநீர் பெருகினாலோ, குமட்டினாலோ, நாடி குறைந்தாலோ, வயிற்றுப்போக்குக் கண்டாலோ அந்த நிமிடமே மருந்தை நிறுத்த வேண்டும் என்பது அவருடைய விதி. அவர் நூல் எழுத அவசரப்பட்டதற்கும் இதுவே காரணம். அளவு தெரியாதவர்கள் அள்ளிக் கொடுத்து ஆளைக் கொன்றால், நல்ல மருந்து ஒன்று கெட்ட பெயரோடு மறைந்துவிடும் என்று அஞ்சினார்.

புகழில் பங்கு கேட்கவும் ஆள் வந்தது. அவரை பர்மிங்ஹாம் நகருக்கு வரவழைத்த மருத்துவர் எராஸ்மஸ் டார்வின் (பரிணாமக் கொள்கை தந்த டார்வினின் தாத்தா), விதரிங்கின் பெயரைச் சொல்லாமலேயே ஃபாக்ஸ்குளோவ் பற்றித் தாமும் எழுதினார். நட்பு முறிந்தது. 1791இல் பர்மிங்ஹாமில் மூண்ட கலவரத்தில் விதரிங்கின் வீடும் தாக்குதலுக்கு இலக்கானது, தப்பியது. பிறருடைய மூச்சுத்திணறலைத் தீர்த்தவரைக் காசநோய் விடவில்லை. இரண்டு குளிர்காலங்களைப் போர்த்துகலில் கழித்துப் பார்த்தார். 1799 அக்டோபர் 6ஆம் நாள் காலமானார். எட்ஜ்பாஸ்டன் தேவாலயத்தில் உள்ள அவருடைய நினைவுக்கல்லில் ஃபாக்ஸ்குளோவ் செடியைச் செதுக்கியிருக்கிறார்கள்.

அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு செடியிலிருந்து 1930இல் பிரித்தெடுக்கப்பட்டதுதான் டிகாக்சின். இதயத் தசைக்குள் கால்சியத்தைக் கூட்டி அது வலுவாகச் சுருங்க உதவுகிறது. துடிப்பின் வேகத்தையும் குறைக்கிறது. 1997இல் வெளியான பெரிய ஆய்வொன்று, இது நோயாளி மருத்துவமனைக்குத் திரும்பத் திரும்ப வருவதைக் குறைக்கிறது, ஆனால் மரணத்தைக் குறைக்கவில்லை என்று காட்டியது. இதயச் செயலிழப்புக்கு இன்று முதலில் கொடுப்பவை வேறு மருந்துகள். இருந்தாலும் டிகாக்சினின் தேவை இன்னும் தீரவில்லை. மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையிலான அந்தச் சிறிய இடைவெளியும் அப்படியேதான் இருக்கிறது.

மாத்திரையை நிறுத்திய சில நாள்களில் தாத்தாவுக்குச் சோறு மறுபடி வெள்ளையாகிவிட்டது. பிறகு குறைந்த அளவில் மீண்டும் தொடங்கினார்கள். தினமும் காலையில் மாத்திரைக்கு முன் ஒரு நிமிடம் நாடியை எண்ண வேண்டும், 60க்குக் கீழே போனால் கொடுக்காமல் கிளினிக்கை அழைக்க வேண்டும் என்று ஒரு தாதி சொல்லிக் கொடுத்தார். அந்த வேலை என் தலையில் விழுந்தது. பள்ளிச் சீருடையோடு அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எண்ணுவேன். நடுவில் அவர் பேச்சுக் கொடுத்து எண்ணிக்கையைக் குழப்புவார். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவேன். அவர் இறக்கும்வரை, ஈராண்டு காலம், ஒரு பழைய கணக்குப் பயிற்சிப் புத்தகத்தில் எண்களை எழுதி வந்தேன். அதில் 60க்குக் கீழே இறங்கிய நாள்கள் நான்கு. நான்கு நாளும் மாத்திரை கொடுக்கவில்லை.